‘அவ்வா’ன்னா பாட்டியா, வலியா?

ராத்திரி இரண்டு மணி. மாதவரம் பால் பண்ணைப் பக்கம் ஒரு வீடு. நாலரை வயதுப் பையன் படுக்கையில் எழுந்து உட்கார்ந்துகொண்டு, “அவ்வா... அவ்வா...” என்று அழுகிறான்.

பக்கத்தில் படுத்திருந்த பாட்டிக்கு முதலில் பயம் வரவில்லை. சந்தோஷம்தான் வந்தது! தெலுங்கு பேசுகிற குடும்பம். பாட்டியை ‘அவ்வா’ என்றுதான் கூப்பிடுவார்கள். ஜெர்மனியிலிருந்து பேரன் வந்து இறங்கி மூன்று மாதம் ஆகியும் ஒருநாள்கூட அப்படிக் கூப்பிட்டதில்லை. ‘இன்னிக்காவது வாயைத் திறந்தானே’ என்று வாரியெடுத்து மடியில் போட்டுக்கொண்டார். பையன் அழுகையை நிறுத்தவில்லை. “ஓர்... ஓர்...” என்றான். “ஊரா நைனா? ஊரிக்கி போவாலா?” என்று கேட்டுக் கேட்டு, முதுகைத் தட்டிக் கொடுத்து, விடியற்காலம் ஒருவழியாகத் தூங்க வைத்தார்.

காலையில் பார்த்தால் தலையணையில் மஞ்சளாக ஈரம். காதிலிருந்து சீழ்!

கல்யாணத்துக்காக நெல்லூர் போயிருந்த அப்பாவும் அம்மாவும் முதல் பஸ்ஸைப் பிடித்து மாதவரம் பஸ் நிலையத்தில் வந்து இறங்கினார்கள். மாமியார் சொன்னதைக் கேட்ட மருமகள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். “அத்தை... அவன் உங்களைக் கூப்பிடலை. ஜெர்மன்காரக் குழந்தைங்க அடிபட்டா ‘அவ்வா’ன்னுதான் கத்தும். ‘வலிக்குதே’ன்னு அர்த்தம். ‘ஓர்’னா காது...”

இது நடந்து ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறது. “பேர் மட்டும் போட்டுடாதீங்க” என்ற நிபந்தனையோடு அந்தத் தம்பதி இதைச் சொல்லும்போது சிரித்துக்கொண்டுதான் சொன்னார்கள். பாட்டி மட்டும் சிரிக்கவில்லை. எழுந்து சமையலறைக்குப் போய்விட்டார்.

நாலு பாஷை... ஒரு வீடு!

மாதவரத்தில் இப்படி நடந்ததில் ஆச்சரியம் ஒன்றுமில்லை. மாதவரம் என்றதும் நமக்கு ஆவின் பாலும், ரவுண்டானாவும், வரிசை வரிசையாக லாரிகளும்தான் ஞாபகம் வரும். ஆனால் கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் தலைமையிடமும் இங்கேதான் இருக்கிறது. 1989-ல் தொடங்கியது. இந்தியாவிலேயே கால்நடை மருத்துவத்துக்கென்று வந்த முதல் பல்கலைக்கழகம். அதனால் இந்தப் பக்கத்தில் ‘மாட்டு டாக்டர்’ வீடுகள் நிறைய. மேல்படிப்பு, ஆராய்ச்சி என்று இரண்டு வருஷம், நாலு வருஷம் வெளிநாடு போய்விட்டுத் திரும்புகிறவர்கள் உண்டு. தனியாகப் போய் வந்தவர்களுக்குப் பிரச்னை இல்லை. கைக்குழந்தையோடு போய், பேசுகிற குழந்தையோடு திரும்புகிறவர்களுக்குத்தான் சிக்கல்.

தெலுங்கோ இந்தப் பகுதிக்குப் புதிது கிடையாது. 1953-ல் ஆந்திரம் பிரிந்தபோது, ‘மதராஸ் யாருக்கு?’ என்று பெரிய சண்டையே நடந்தது. இன்றைக்கும் ஆந்திரா பஸ்கள் கிளம்புவது மாதவரத்திலிருந்துதான். வீட்டுக்குள் தெலுங்கு, வாசலைத் தாண்டினால் தமிழ், பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் என்று மூன்றையும் வட சென்னைக் குழந்தைகள் தலைமுறை தலைமுறையாக அலட்டிக்கொள்ளாமல் பேசி வளர்ந்தவர்கள்தான். நாலாவதாக ஒரு பாஷை விமானத்தில் வந்து இறங்கும்போதுதான் பெற்றோருக்குக் கலக்கம் வந்துவிடுகிறது.

நாம் பார்க்கிற வீட்டில் அப்பா தெலுங்கு, கால்நடை டாக்டர். அம்மா தமிழ், திருவொற்றியூர்ப் பெண். பையனுக்கு ஒரு வயதாகும்போது ஜெர்மனி போனார்கள். “அங்க நாங்க ரெண்டு பேரும் தமிழ்லதான் பேசிக்குவோம். ஆனா அவன்கிட்ட பேசும்போது மட்டும் ஜெர்மனும் இங்கிலீஷும் தானா வந்துடும். கிண்டர்கார்டன்ல பிள்ளை கஷ்டப்படக் கூடாதேன்னு ஒரு எண்ணம். அங்க இருந்த டீச்சரே ‘வீட்டுல உங்க பாஷையில பேசுங்க, ஜெர்மனை நாங்க பார்த்துக்கறோம்’னு சொன்னாங்க. நாங்கதான் கேட்கலை” என்கிறார் அம்மா.

பையன் மூன்று வயதில் ஜெர்மனில் பொளந்து கட்டினான். வீடியோ காலில் அவன் பேசுவதைப் பார்த்து பாட்டி அக்கம்பக்கத்துக்கெல்லாம் பெருமையடித்துக்கொண்டார். அப்போது அது பெருமைதான்!

“எல்லாத்தையும் நிறுத்துங்க!”

இங்கே வந்து பள்ளியில் சேர்த்ததும் பையன் ஊமையாகிவிட்டான். ஒரு மாதம் கழித்து டீச்சர் கூப்பிட்டு, “பேசவே மாட்டேங்கிறான். கூப்பிட்டா திரும்பிக்கூடப் பார்க்கலை. டாக்டர்கிட்ட காட்டுங்க” என்றார். காட்டினார்கள். பார்த்தவர் சொன்ன யோசனை இது: ‘நாலு பாஷை குழந்தையைக் குழப்புது. மத்ததெல்லாம் நிறுத்திட்டு இங்கிலீஷ் மட்டும் பேசுங்க.’

அந்த யோசனையால் அந்த வீட்டில் என்ன ஆயிற்று தெரியுமா? அம்மா திக்கித் திணறி இங்கிலீஷில் சோறு ஊட்டினார். அப்பா மாலையில் வந்தால் ‘வாட் டிட் யூ டூ டுடே?’ என்று ஒரு கேள்வி, அதோடு சரி. பாட்டிக்கோ இங்கிலீஷ் தெரியாது. “என் வாயைக் கட்டிப்புட்டாங்க. ரெண்டு மாசம் என் பேரன்கிட்ட நான் சைகையிலதான் பேசினேன். சோறு திங்கிற மாதிரி கை காட்டுவேன், தூங்குற மாதிரி கண்ணை மூடிக் காட்டுவேன். ஊமைச்சி மாதிரி...” என்கிறார். வீட்டில் நாள் முழுக்கக் குழந்தையோடு இருக்கிறவர் அவர் ஒருத்தர்தான். வாயைத் திறக்கக் கூடாது என்று அவரைத்தான் சொல்லிவிட்டார்கள்!

இந்த யோசனையை இன்னும் எத்தனையோ வீடுகளில் நல்லெண்ணத்தோடு சொல்கிறார்கள். ஆனால் அது தப்பு என்பது இன்றைக்குத் தெளிவாகத் தெரிந்த விஷயம். இரண்டு மூன்று மொழிகள் கேட்டு வளர்வதால் குழந்தைக்குப் பேச்சுக் கோளாறு வருவதில்லை. முதல் வார்த்தை சுமார் ஒரு வயதில், இரண்டு வார்த்தை சேர்த்துப் பேசுவது சுமார் இரண்டு வயதில் என்பது ஒரு மொழிக் குழந்தைக்கும் சரி, மூன்று மொழிக் குழந்தைக்கும் சரி, பொதுவான கணக்குதான். பல பெற்றோர் எண்ணுவதில்தான் கோட்டை விடுகிறார்கள். இரண்டு வயதுக் குழந்தைக்கு ஐம்பது வார்த்தையாவது தெரிந்திருக்க வேண்டும் என்பார்கள். தமிழில் இருபது, தெலுங்கில் இருபது, இங்கிலீஷில் பதினைந்து தெரிந்த குழந்தையை, ‘தமிழ்ல இருபதுதான் சொல்றான்’ என்று தூக்கிக்கொண்டு ஓடக் கூடாது. எல்லாப் பையிலும் இருக்கிற காசையும் கொட்டித்தானே எண்ணுவோம்?

அதேபோல, ‘அம்மா, நாகு மில்க் வேணாம்’ என்று ஒரே வாக்கியத்தில் மூன்று பாஷையைக் கலந்தால் அது குழப்பம் இல்லை. கைக்கு எட்டின வார்த்தையை எடுத்துப் போட்டு வேலையை முடிக்கிற சாமர்த்தியம். பெரியவர்கள் நாம் மட்டும் என்ன, ‘பஸ்ஸை மிஸ் பண்ணிட்டேன்’ என்பதில்லையா?

புது மொழிக்குள் வந்து விழுகிற குழந்தை கொஞ்ச காலம் பேசாமல் இருப்பதும் சகஜம். சில வாரங்கள், சில குழந்தைகளுக்குச் சில மாதங்கள். காதால் வாங்கிச் சேர்த்துக்கொண்டே இருக்கும். ஆனால் அந்த மௌனம் புது மொழியில் மட்டும்தான் இருக்கும். பழைய மொழியில் வீட்டில் வாய் ஓயாது. ஆகவே, பள்ளியில் பேசாத குழந்தை வீட்டில் பேசுகிறதா என்பதுதான் முதல் கேள்வி. நம் பையனின் பழைய மொழி ஜெர்மன். அதைக் கேட்க வீட்டில் ஆள் இல்லை. பெற்றோரே அதை நிறுத்திவிட்டார்கள். அதனால் அவன் பேசாமலிருப்பது எதனால் என்று யாருக்கும் பிடிபடவில்லை.

காதைப் பார்த்தீர்களா?

அந்தத் தலையணை ஈரத்துக்குப் பிறகுதான் காது மூக்கு தொண்டை டாக்டரிடம் போனார்கள். செவிப்பறையில் ஓட்டை விழுந்து சீழ் வெளியே வந்திருந்தது. மருந்து கொடுத்து அது ஆறியது. அதோடு விடாமல் அந்த டாக்டர் டிம்பனோமெட்ரி, ஆடியோமெட்ரி இரண்டும் செய்து பார்த்தார். மற்றொரு காதிலும் செவிப்பறைக்குப் பின்னால் நீர் கோத்திருந்தது. சளி பிடித்துப் பிடித்து, மூக்குக்கும் காதுக்கும் நடுவில் இருக்கிற சின்னக் குழாய் அடைத்துக்கொண்டால் இப்படி ஆகும். வலி இருக்காது, காய்ச்சல் இருக்காது. ஆனால் பஞ்சு வைத்துக்கொண்டு கேட்கிற மாதிரி மந்தமாகக் கேட்கும். சுமார் இருபது, முப்பது டெசிபல் குறைந்துவிடும்.

பழகின மொழியை மந்தமாகக் கேட்டாலும் குழந்தை ஊகித்துக்கொண்டுவிடும். புது மொழியை, அதுவும் நாற்பது பிள்ளைகள் கத்துகிற வகுப்பில், பஞ்சு வைத்த காதோடு எப்படிப் பிடிக்கும்? டீச்சர் சொன்னாரே, ‘கூப்பிட்டா திரும்பிப் பார்க்கலை’ என்று... அந்த ஒரு வரியை யாராவது காதில் போட்டுக்கொண்டிருந்தால் இரண்டு மாதம் மிச்சமாகியிருக்கும்.

அந்த நீர் பெரும்பாலும் மூன்று மாதத்தில் தானாக வற்றிவிடும். வற்றாவிட்டால் செவிப்பறையில் குட்டிக் குழாய் பொருத்துவதுபற்றி டாக்டர் யோசிப்பார். இந்தப் பையனுக்கு அது தேவைப்படவில்லை. காத்திருந்து திரும்பச் சோதித்தபோது காது தெளிவாகிவிட்டது. அவன் பேசாததற்குக் காது எவ்வளவு காரணம், புது இடம் எவ்வளவு காரணம், இங்கிலீஷ் மட்டும் என்ற அந்த உத்தரவு எவ்வளவு காரணம் என்று தராசில் நிறுத்துச் சொல்ல முடியாது. மூன்றும் சேர்ந்தே போட்டு அமுக்கின.

இன்னொன்று. பாட்டிக்கு அன்றைக்கு ராத்திரி ‘ஓர்’ என்றால் காது என்று தெரிந்திருந்தால் என்ன செய்திருப்பார்? “பூண்டு தட்டிப் போட்டு எண்ணெய் காய்ச்சி ரெண்டு சொட்டு விட்டிருப்பேன்” என்கிறார். அந்த ஒரு விஷயத்தில் தெரியாததே நல்லதாகப் போயிற்று! சீழ் வடிகிற காதில், செவிப்பறை எப்படி இருக்கிறது என்று தெரியாமல், எண்ணெய் உள்பட எதையும் ஊற்றக் கூடாது.

வெளிநாட்டிலிருந்து வந்த குழந்தையானாலும், உள்ளூரிலேயே வளர்ந்த குழந்தையானாலும், பேச்சில் சந்தேகம் வந்தால் முதல் வேலை கேட்கும் திறனைச் சோதிப்பதுதான். ஒரு வயதாகியும் மழலை ஒலியோ கை காட்டுவதோ இல்லை, பதினாறு மாதமாகியும் ஒரு வார்த்தை இல்லை, இரண்டு வயதாகியும் சொந்தமாக இரண்டு வார்த்தை சேர்க்கவில்லை என்றால் ‘நாலு பாஷை வீடு, அப்படித்தான் இருக்கும்’ என்று காத்திருக்க வேண்டாம். எந்த வயதிலும், பேசிக்கொண்டிருந்த குழந்தை எல்லா மொழியிலும் பேச்சை இழந்து, கண்ணைப் பார்ப்பதும் சேர்ந்து விளையாடுவதும் குறைந்தால் உடனே குழந்தை நல மருத்துவரிடம் போய்விட வேண்டும். வட சென்னைக்காரர்களுக்கு ஸ்டான்லி ஆஸ்பத்திரியும், கொஞ்சம் தள்ளி எழும்பூர் குழந்தைகள் ஆஸ்பத்திரியும் எட்டுகிற தூரம்தான்.

டாக்டர் கோஷ் செய்த வேலை

வெளிநாட்டுப் படிப்பு முடித்து வந்த அப்பா, வீட்டு பாஷைக்குப் பூட்டுப் போடுவது நம் நாட்டில் இன்று நேற்று ஆரம்பித்ததல்ல. வங்காளத்தில் கிருஷ்ண தன கோஷ் என்று ஒரு டாக்டர். ஸ்காட்லாந்தில் அபர்டீனில் மருத்துவம் படித்துவிட்டு 1871-ல் ஊர் திரும்பியவர். தன் பிள்ளைகள் இங்கிலீஷ்காரர்கள் மாதிரி வளர வேண்டும் என்று ஆசை. வீட்டில் வங்காள மொழிக்குத் தடை! பிள்ளைகளுக்கு இங்கிலீஷும், வேலைக்காரர்களிடம் பேசக் கொஞ்சம் இந்துஸ்தானியும்தான் தெரியும். ஒரு பிள்ளையை ஐந்து வயதில் டார்ஜிலிங்கில் கான்வென்டில் போட்டார். ஏழு வயதில், 1879-ல், இங்கிலாந்தில் கொண்டு போய் விட்டார். அந்தப் பிள்ளை 1893-ல் இருபது வயது வாலிபனாக இந்தியா திரும்பியபோது கிரேக்கமும் லத்தீனும் சரளம், தாய்மொழியில் சரளமாகப் பேச வரவில்லை! பரோடாவில் வேலை பார்த்துக்கொண்டே, ஆசிரியர் வைத்து வங்காளம் கற்றுக்கொண்டார். அவர்தான் பின்னால் 1910-ல் புதுச்சேரிக்கு வந்து, நம் பாரதியாரோடு பழகிய ஸ்ரீஅரவிந்தர்.

‘அவர் பெரிய மேதை ஆகிவிட்டாரே, அப்புறமென்ன?’ என்று கேட்கலாம். எல்லார் வீட்டுப் பிள்ளையும் இருபது வயதுக்கு மேல் ஆசிரியர் வைத்துத் தாய்மொழி கற்குமா?

இதற்கு நேர் எதிர் வீடு ஒன்றும் இருந்தது. தென்னாப்பிரிக்காவில் காந்தியின் வீடு. ‘சின்ன வயசிலிருந்தே பிள்ளைகளோடு இங்கிலீஷில் பேசினால் அவர்களுக்கு வாழ்க்கையில் எவ்வளவு அனுகூலம்!’ என்று நண்பர் போலக் அவரோடு காரசாரமாக வாதாடுவார். காந்தி அசையவில்லை. பிள்ளைகளோடு குஜராத்தியில்தான் பேசினார். தெருவிலும் நண்பர்களோடும் இங்கிலீஷ் புழங்கியதால் அது தானாக வந்துவிட்டது, இரண்டு மொழியும் நன்றாகப் பேசினார்கள் என்று தன் சுயசரிதையில் எழுதியிருக்கிறார். பிள்ளைகளின் பள்ளிப் படிப்பு விஷயத்தில் காந்தி செய்தது எல்லாம் சரி என்று நான் சொல்ல வரவில்லை. மூத்த பிள்ளைக்கே அதில் மனத்தாங்கல் உண்டு. ஆனால் வீட்டு பாஷை விஷயத்தில் அவர் கணக்கு சரியாக இருந்தது. வெளியில் தானாகக் கிடைக்கிற மொழிக்கு வீட்டில் செலவழிக்க வேண்டியதில்லை, வெளியில் கிடைக்காததை வீட்டில்தான் கொடுக்க முடியும்.

மாதவரம் வீட்டுக்கும் அதே கணக்குதான். இங்கிலீஷைப் பள்ளிக்கூடம் பார்த்துக்கொள்ளும். தமிழைத் தெரு பார்த்துக்கொள்ளும். தெலுங்குக்கு அந்த வீட்டில் பாட்டியை விட்டால் வேறு ஆள் இல்லை!

ஜெர்மன் என்ன ஆச்சு?

போய்விட்டது. ஆறேழு மாதத்தில் போயே போய்விட்டது. அப்பாவுக்கு அதில் இன்னும் வருத்தம். “அவ்வளவு செலவு பண்ணி, அவ்வளவு சின்ன வயசுல, அவ்வளவு சுத்தமா கத்துக்கிட்டான். இப்ப ஒரு வார்த்தை வரலை” என்கிறார்.

அவருக்கு ஆறுதலாக ஒரு கதை சொன்னேன். உண்மைக் கதைதான். ராபின்ஸ் பர்லிங் என்ற அமெரிக்க மானிடவியல் ஆராய்ச்சியாளர் 1954-ல் மேகாலயாவின் காரோ மலைக்குக் குடும்பத்தோடு வந்தார். அப்போது அது அஸ்ஸாமில் இருந்தது. மகன் ஸ்டீபனுக்கு ஒன்றேகால் வயதுக்குக் கொஞ்சம் மேல். அக்கம்பக்கத்து காரோ மக்களிடம் வளர்ந்து, பையன் இங்கிலீஷைவிட காரோ மொழியில்தான் நன்றாகப் பேசினான். 1956-ல் ஊர் திரும்பும்போது, விமானத்தில் பக்கத்தில் ஒரு மலாய்ச் சிறுவன். முகஜாடையைப் பார்த்து காரோ பையன் என்று நினைத்து, அதுவரை அடைத்து வைத்திருந்ததையெல்லாம் காரோ மொழியில் மடை திறந்த மாதிரி கொட்டினான் ஸ்டீபன்! அதற்கப்புறம் அந்த மொழியில் பேச அவனுக்கு ஆள் கிடைக்கவில்லை. ஆறு மாதத்தில், கை கால் மூக்கு போன்ற உடல் உறுப்புகளின் பெயரைச் சொல்லவே தடுமாறினான் என்று 1959-ல் வெளியிட்ட கட்டுரையில் அப்பாவே எழுதியிருக்கிறார்.

சின்ன வயதில் மொழி சுலபமாக வரும் என்பது எல்லாருக்கும் தெரியும். அதே சுலபத்தில் போய்விடும் என்பதைத்தான் மறந்துவிடுகிறோம். பிரான்சில், மூன்று முதல் எட்டு வயதுக்குள் கொரியாவிலிருந்து தத்துக் கொடுக்கப்பட்டவர்களைப் பெரியவர்களான பிறகு சோதித்தார்கள். 2003-ல் வெளியான அந்த ஆய்வில், கொரிய மொழி அவர்களுக்கு மற்ற அந்நிய மொழிகளைப் போலவேதான் இருந்தது என்று தெரிந்தது. ஆனால் கனடாவில் மான்ட்ரியலில், சீனாவிலிருந்து கைக்குழந்தையாகத் தத்து வந்த பெண் பிள்ளைகளுக்கு மூளை ஸ்கேன் எடுத்தபோது, ஒரு வார்த்தை புரியாவிட்டாலும் சீன மொழியின் ஒலி ஏற்ற இறக்கத்தை அவர்கள் மூளை சீனம் பேசுகிறவர்களின் மூளை மாதிரியே வாங்கிக்கொண்டது. இது 2014-ல் வந்த ஆய்வு. ஆக, அடியில் தடம் எங்கேயோ இருக்கிறது போலிருக்கிறது.

ஒன்பது, பத்து வயதுக்கு மேல், எழுதப் படிக்கத் தெரிந்து திரும்புகிற பிள்ளைகளுக்கு இவ்வளவு சீக்கிரம் மறக்காது. புத்தகம், கடிதம், அந்த ஊர் நண்பர்கள் என்று பிடித்துக்கொள்ளக் கொம்பு இருக்கிறது. நாலரை வயதுக்கு மனுஷர்கள்தான் கொம்பு. வாரம் ஒருநாள் நுங்கம்பாக்கம் போய் ஜெர்மன் கேட்க வைக்கலாமா என்றுகூட அப்பா யோசித்தார். மாதவரத்திலிருந்து மூலக்கடை தாண்டுவதற்குள் பிள்ளை தூங்கிவிடுவான்! நான் அவரிடம் சொன்னது இதுதான்: ஜெர்மன் போனதற்கு அழ வேண்டாம். பையன் வளர்ந்து, வேண்டுமென்றால் படித்துக்கொள்வான், அதற்கு வகுப்பும் புத்தகமும் என்றைக்கும் கிடைக்கும். பாட்டி என்றைக்கும் கிடைப்பாரா?

சமையலறையில் தெலுங்கு

பேச்சுப் பயிற்சியாளர் ஒருவரின் யோசனையோடு வீட்டில் புது ஏற்பாடு செய்தார்கள். ‘அப்பா தெலுங்கு, அம்மா தமிழ், ஆளுக்கொரு பாஷை’ என்று முதலில் பிரித்தார்கள். நூறு வருஷத்துக்கு முன்பே பிரான்சில் ஒரு வீட்டில் செய்து பார்த்துப் புத்தகமே வந்த பழைய முறைதான். இங்கே அப்பா பத்து நாளில் தோற்றுவிட்டார். மனைவியோடு தமிழில் பேசிக்கொண்டே மகன் பக்கம் திரும்பித் தெலுங்கில் பேச அவருக்கு நாக்கு மடங்கவில்லை. வீட்டுக்கு வருவதே ராத்திரி எட்டு மணிக்கு!

ஆளை விட்டுவிட்டு இடத்தைப் பிடித்தார்கள். சமையலறையும் குளியலறையும் பாட்டி ராஜ்யம். அங்கே தெலுங்கு மட்டும். அம்மா எல்லா இடத்திலும் தமிழ். இங்கிலீஷ் பள்ளிக்கூடப் பையோடு வரும், பையோடு போகும். பையன் எந்த பாஷையில் பதில் சொன்னாலும் ‘தெலுங்கில் சொல்லு’ என்று திட்டுவது கிடையாது. அவன் ‘வாட்டர்’ என்றால் பாட்டி, “நீள்ளு காவாலா? இதோ நீள்ளு” என்று சொல்லிக்கொண்டே கொடுப்பார். அவ்வளவுதான். திருத்தவும் இல்லை, தண்ணீரைக் கொடுக்காமல் வைத்துக்கொண்டு மிரட்டவும் இல்லை.

பாட்டியாகவே ஒரு காரியம் செய்தார். யாரும் சொல்லித் தரவில்லை. குளிப்பாட்டும்போது ஒவ்வொரு இடமாகத் தொட்டு, பேர் சொல்லிச் சொல்லி வாங்குவார். கண்ணு, முக்கு, நோரு, செவி... முக்கு என்றால் மூக்கு. நோரு வாய். செவி காது. நாம் செய்யுளில் மட்டும் பார்க்கிற ‘செவி’ அவர்கள் வீட்டில் தினசரி சோப்புப் போடுகிற செவி! கூடவே ‘நொப்பி’யும் உண்டு. வலி என்று அர்த்தம். “செவி நொப்பி, கடுபு நொப்பி, தல நொப்பி... இதை மொதல்ல சொல்லிக் கொடுத்தேன். பாட்டு, கதையெல்லாம் அப்புறம்” என்றார் பாட்டி. கடுபு என்றால் வயிறு.

திரும்பி வருகிற குடும்பங்கள் எல்லாருக்கும் நான் சொல்ல விரும்புவதும் இதுதான். வந்த முதல் வாரமே, குழந்தையைப் பார்த்துக்கொள்ளப் போகிறவர் யாரோ, அவர் மொழியில் வலி, தாகம், பாத்ரூம், பயம், உடம்பின் பாகங்கள், இந்தப் பத்துப் பதினைந்து வார்த்தையைக் குழந்தைக்கும், குழந்தையின் மொழியில் அதே வார்த்தைகளைப் பெரியவருக்கும் சொல்லிக் கொடுத்துவிடுங்கள். ஒரு தாளில் தமிழ் எழுத்திலேயே எழுதி ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டலாம். தடுப்பூசி அட்டை மாதிரி இதுவும் ஒரு தேவைதான்.

தமிழ் கதை வேறு மாதிரி. அதை அவன் வீட்டில் கற்றதைவிடத் தெருவில் கற்றதுதான் அதிகம். காது தெளிந்த ஒரு மாதத்தில், கிரிக்கெட் விளையாடிவிட்டு வந்து அம்மாவிடம், “இன்னாம்மா, பேஜார் பண்ற” என்றிருக்கிறான்! அம்மாவுக்கு அதிர்ச்சி. பாட்டிக்குக் கொண்டாட்டம். அடுத்த நாள் அவன் தெருப் பையன் ஒருத்தனை ‘நைனா’ என்று கூப்பிட, “அது நம்ம வார்த்தைடா!” என்று பாட்டிக்கு ஒரே பெருமை. வாஸ்தவம்தான். மெட்ராஸ் பாஷையில் நைனா, டப்பு எல்லாம் தெலுங்கு கொடுத்தது. பேஜார் உருது வழியாக வந்தது. நாலு பாஷைக்காரர்கள் ஒரே தெருவில் வாழ்ந்தால் என்ன ஆகும் என்பதற்கு வட சென்னைப் பேச்சே சாட்சி. ‘தெருவில் பேசிக் கெட்டுப் போகிறான்’ என்று கதவைச் சாத்துகிற பெற்றோருக்கு ஒரு வார்த்தை... சாத்தாதீர்கள். எழுத்துத் தமிழைப் பள்ளி கொடுக்கும். கூட விளையாடுகிறவன் கொடுக்கிற தமிழை வேறு யாராலும் கொடுக்க முடியாது.

இதன் மறுபக்கத்தையும் பார்த்தேன். அதே பகுதியில், ஆஸ்திரேலியாவிலிருந்து திரும்பிய இன்னொரு வீட்டில் பத்து வயதுப் பெண். அங்கே ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்பில் சிரத்தையாகப் படித்தவள். இங்கே வந்து கடைக்காரரிடம், “எனக்கு ஒரு பென்சில் வேண்டும். எவ்வளவு பணம் தர வேண்டும்?” என்று கேட்க, அவர் ‘நியூஸ் வாசிக்கிற பாப்பா’ என்று பேர் வைத்துவிட்டார். குழந்தை அதோடு தமிழ் பேசுவதையே நிறுத்திக்கொண்டாள். எழுதுகிற தமிழும் பேசுகிற தமிழும் ஏறக்குறைய இரண்டு மொழி என்பது உள்ளே இருக்கிற நமக்குத் தெரிவதில்லை. வெளியிலிருந்து வருகிற குழந்தைக்கு ‘இருக்கிறது’ ஒரு பாடம், ‘இருக்கு’ இன்னொரு பாடம். 2006-ல் வந்த தமிழ் கற்றல் சட்டத்தின்படி பள்ளியில் பத்தாம் வகுப்பு வரை தமிழ் பாடம் உண்டு. ழகர ளகரம், மார்க் எல்லாம் மெதுவாக வரும். முதலில் கடைக்காரரிடம் பென்சில் வாங்கும் தைரியம் வரட்டும். அந்தப் பெண்ணின் அம்மா சத்தமில்லாமல் அதே கடைக்குப் போய் விஷயத்தைச் சொல்லிவிட்டு வந்தார். இப்போது அவர் அவளைப் பார்த்தால், “இன்னா பாப்பா வேணும்?” என்று தானே ஆரம்பித்து வைக்கிறார். அவளும், “பென்சில் இருக்காண்ணா?” என்கிறாள்.

பாட்டிக்கும் மருந்து

குழந்தைபற்றியே பேசிக்கொண்டிருக்கிறோம். பாட்டியின் உடம்புக்கு இதில் ஏதாவது உண்டா?

ஹைதராபாத் நிம்ஸ் மருத்துவமனையில் டாக்டர் சுவர்ணா அல்லாடியும் அவர் குழுவினரும் மறதி நோய் வந்த 648 பேரை ஆராய்ந்து 2013-ல் வெளியிட்டார்கள். ஒரு மொழி மட்டும் பேசியவர்களைவிட, இரண்டோ அதற்கு மேலோ மொழி பேசியவர்களுக்கு நோய் சுமார் நாலரை வருஷம் தாமதமாகத் தலைகாட்டியிருந்தது. பள்ளிக்கூடமே போகாதவர்களிடமும் அப்படித்தான் இருந்தது என்பது விசேஷம். மற்ற சில ஆய்வுகளில் இவ்வளவு வித்தியாசம் தெரியவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆனால் பேச்சுத் துணை இல்லாமல் வாயைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பது வயதானவர்களுக்கு நல்லதில்லை என்பதற்கு ஆய்வே தேவையில்லை. அந்த இரண்டு மாதத்தில் பாட்டிக்குச் சாப்பாடு பிடிக்கவில்லை, தூக்கம் இல்லை, பிரஷர் ஏறியிருந்தது என்று மருமகளே சொன்னார்.

நான் கிளம்புகிற நேரம். மறுநாள் பையனுக்குக் கணக்குப் பரீட்சை. சமையலறையிலிருந்து குரல் வருகிறது.

“அவ்வா... கடுபு நொப்பி அவ்வா...”

பாட்டி எட்டிப் பார்க்கக்கூட இல்லை. உளுந்தைக் களைந்துகொண்டே, “எந்த ‘அவ்வா’டா அது? நானா, வலியா?” என்று தமிழில் கேட்டார்.

பையன் கொஞ்சம் யோசித்துவிட்டு, “ரெண்டும்” என்றான்.